லைன் டிஃபரென்ஷியல் ரிலேயில் சி.டி. செட்டிங்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு 110 கேவி லைன். இரண்டு முனையிலும் புதிதாக லைன் டிஃபரென்ஷியல் ரிலே (இரு முனை மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் பிரேக்கரை விழவைக்கும் பாதுகாப்புக் கருவி) போட்டுச் சார்ஜ் செய்தோம். மூன்று நாள் எந்தச் சத்தமும் இல்லை. பகலில் 150, 180 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் மாலை விளக்கு வைக்கும் நேரம், லோடு 300 ஆம்பியரைத் தொட்டதும் இரண்டு முனையிலும் பிரேக்கர் விழுந்தது. ஆட்கள் லைன் முழுக்க நடந்து பார்த்தார்கள். மரம் உரசவில்லை, இன்சுலேட்டர் உடையவில்லை. மறுபடி சார்ஜ் செய்தால் நின்றது. அடுத்த நாள் மாலை, கிட்டத்தட்ட அதே நேரத்தில், மறுபடி விழுந்தது.

லைனில் ஒரு குறையும் இல்லை. லைனின் பெரிய மின்னோட்டத்தை ரிலேக்கு ஏற்றபடி குறைத்துத் தருவது சி.டி., அதாவது கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர். ஒரு முனையில் சி.டி.யின் செகண்டரி (ரிலே பக்கச் சுற்று) 400 ஆம்பியர் டேப்பில், அதாவது 400 ஆம்பியர் விகிதத்துக்கான இணைப்பு முனையில், கட்டப்பட்டிருந்தது. ரிலேயில் 800 என்று எழுதியிருந்தோம். அவ்வளவுதான். நான் அப்போது வேலைக்கு வந்து இரண்டாம் வருடம். அன்றிலிருந்து சி.டி. பெட்டியைத் திறந்து என் கண்ணால் பார்க்காத எந்த எண்ணையும் ரிலேயில் ஏற்றியதில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் அந்தப் பாடத்தை லைன் விழுந்து கற்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ரிலே என்ன கணக்குப் போடுகிறது

அடிப்படை எளிது. லைனுக்குள் நுழையும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும். சமமில்லை என்றால் நடுவில் எங்கோ கசிகிறது. மெர்ஸ், பிரைஸ் என்ற இரு பொறியாளர்கள் 1904-லேயே காப்புரிமை பெற்ற யோசனை இது. அப்போது இரு முனையையும் செம்புக் கம்பியால் இணைத்தார்கள். இப்போது எர்த் வயருக்குள் ஓடும் ஆப்டிக்கல் ஃபைபர் வழியாக இரு ரிலேக்களும் எண்களைப் பரிமாறிக்கொள்கின்றன.

ஒவ்வொரு பேஸுக்கும் ரிலே இரண்டு அளவுகளை எடுக்கும். ஒன்று டிஃபரென்ஷியல்: இரு முனை மின்னோட்டங்களின் வெக்டார் கூட்டல். இரண்டு முனையிலும் பஸ்ஸிலிருந்து (நிலையத்தின் பொதுக் கடத்தியிலிருந்து) லைனுக்குள் போவதைப் பிளஸ் என்று வைத்துக்கொள்வதால், சாதாரண லோடில் ஒரு முனை பிளஸ், மறுமுனை மைனஸ், கூட்டினால் பூஜ்யம். இன்னொன்று பயாஸ்: இரு முனை மின்னோட்டங்களின் அளவுகளைக் கூட்டி இரண்டால் வகுத்தது. டிஃபரென்ஷியல் என்ற எண், பயாஸை வைத்து வரைந்த ஒரு கோட்டைத் தாண்டினால் டிரிப்.

மைகாம் பி54எக்ஸ் என்ற ரிலே குடும்பத்தில் இந்தக் கோடு நான்கு எண்களால் ஆனது. நம் ஊர்த் துணைமின் நிலையங்களில் நிறையப் பார்க்கலாம் என்பதால் அதையே உதாரணமாக எடுக்கிறேன். ஆரம்ப அளவு 0.2, முதல் சாய்வு 30 சதவீதம், சாய்வு மாறும் இடம் 2.0, இரண்டாம் சாய்வு 150 சதவீதம். இரு முனை லைனுக்கு வழக்கமாக இவைதான். எல்லாம் சி.டி.யின் ரேட்டிங்கை 1 என்று வைத்த அலகில்.

இப்போது அந்த 110 கேவி லைனுக்கு வருவோம். இரண்டு முனையிலும் ரிலேயில் 800/1, அதாவது லைனில் 800 ஆம்பியர் போனால் 1 ஆம்பியர் தரும் சி.டி. என்று. அ முனையில் உண்மையும் 800. ஆ முனையில் உண்மை 400. லோடு 180 ஆம்பியர் என்றால் அ முனை ரிலேக்கு 0.225 தெரியும், ஆ முனைக்கு 0.45 தெரியும். டிஃபரென்ஷியல் 0.225. பயாஸ் 0.3375. டிரிப் கோடு 0.2 + 0.3 × 0.3375, அதாவது 0.301. கோட்டுக்குக் கீழே இருக்கிறது, லைன் நிற்கிறது. லோடு 300 ஆனால் டிஃபரென்ஷியல் 0.375, பயாஸ் 0.5625, கோடு 0.369. தாண்டிவிட்டது. 291 ஆம்பியருக்குப் பக்கத்தில் எல்லை. மூன்று நாள் லைன் நின்றதற்கும் மாலையில் விழுந்ததற்கும் காரணம் இவ்வளவுதான்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்று. முதல் நாளே அ முனை ரிலே 180 ஆம்பியர் என்றும், ஆ முனை ரிலே 360 ஆம்பியர் என்றும், டிஃபரென்ஷியல் 180 ஆம்பியர் என்றும் காட்டிக்கொண்டுதான் இருந்தது. யாரும் அந்தத் திரையைப் பார்க்கவில்லை. ஆ முனையில் பேனல் மீட்டர் சரியாக 180 காட்டியது, ஏனென்றால் மீட்டருக்குப் போவது வேறு கோர் (ஒரே சி.டி.க்குள் தனிச் சுற்றோடு இருக்கும் இன்னொரு இரும்பு வளையம்). மீட்டரைப் பார்த்துத் திருப்தியாகிவிட்டோம்.

முதல் வேலை: யார்டுக்குப் போங்கள்

டிராயிங் மேசையில் இருக்கும், சி.டி. யார்டில் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகும் என்று நம்பாதீர்கள். லைன் கிளியர் (லைனில் மின்சாரம் நிறுத்தப்பட்டது என்ற அனுமதி) வாங்கி, இரு பக்கமும் எர்த் போட்டதை உறுதிசெய்த பிறகு சி.டி.யின் பெயர்ப்பலகையைப் படம் பிடியுங்கள். மூன்று பேஸுக்கும் தனித்தனியாக. பழுதான ஒரு பேஸ் சி.டி.யை மட்டும் பிற்பாடு மாற்றியிருப்பார்கள், அதன் பலகை வேறு மாதிரி இருக்கும். இதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பார்த்திருக்கிறேன்.

பலகையில் ஒவ்வொரு கோருக்கும் விகிதம், கிளாஸ், நீ பாயிண்ட் வோல்டேஜ் (கோர் சாச்சுரேட் ஆகத் தொடங்கும் வோல்டேஜ்), செகண்டரி வைண்டிங் ரெசிஸ்டன்ஸ், மேக்னடைசிங் கரண்ட் எல்லாம் இருக்கும். டிஃபரென்ஷியலுக்கு வேண்டியது பி.எஸ். கிளாஸ் கோர். ஐ.இ.சி. தரத்தில் இதையே பி.எக்ஸ். என்பார்கள். மீட்டரிங் கோரைத் தவறியும் தொடாதீர்கள். மீட்டரைக் காப்பாற்றுவதற்காக அது சீக்கிரம் சாச்சுரேட் ஆகும்படி, அதாவது காந்தம் நிரம்பி மேற்கொண்டு சரியான மின்னோட்டம் தராதபடி, செய்தது. ஃபால்ட் வரும்போது ரிலேக்கு உண்மை தெரிய வேண்டிய அந்த நேரத்தில்தான் அது பொய் சொல்லும்.

அடுத்து, சி.டி.யின் அடியில் இருக்கும் டெர்மினல் பெட்டியைத் திறந்து, கோர் எந்த டேப்பில் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 800-400/1 சி.டி. என்றால் வழக்கமாக எஸ்1-எஸ்2 என்பது 400, எஸ்1-எஸ்3 என்பது 800. பலகையில் எழுதியிருப்பதே இறுதி. கம்பி எந்த முனையில் இருக்கிறதோ அதுதான் விகிதம். டிராயிங்கோ, பழைய செட்டிங் தாளோ, யாராவது போனில் சொன்னதோ அல்ல.

இங்கே புதியவர்கள் அடிக்கடி குழம்பும் ஒன்று. பயன்படுத்தாத கோர் முழுவதையும் ஷார்ட் செய்து எர்த் செய்ய வேண்டும். ஆனால் பயன்படுத்தும் கோரில் மிஞ்சியிருக்கும் டேப்பை ஷார்ட் செய்யவே கூடாது. எஸ்1-எஸ்2 பயன்பாட்டில் இருக்கும்போது எஸ்2-எஸ்3 ஐ ஷார்ட் செய்தால் கோர் முழுவதையும் ஷார்ட் செய்ததற்குச் சமம். ரிலேக்கு மின்னோட்டம் சரியாக வராது. அந்த டேப் சும்மா திறந்தே இருக்கட்டும்.

லைன் ஓடும்போது சி.டி. செகண்டரி சர்க்யூட் எந்தக் காரணத்துக்காகவும் திறந்திருக்கக் கூடாது. பிரைமரியில் மின்னோட்டம் போய்க்கொண்டிருக்கும்போது செகண்டரி திறந்தால் அந்த முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பும். ஆளையும் கொல்லும், சி.டி.யையும் எரிக்கும். முதலில் ஷார்ட்டிங் லிங்க், அப்புறம்தான் கம்பியில் கை. எத்தனை அவசரம் என்றாலும் இந்த வரிசை மாறக்கூடாது.

மறுமுனையிலும் இதே வேலையை ஒருவர் செய்ய வேண்டும். முடிந்தால் நீங்களே போங்கள். ஒரு நாள் கூடுதலாகும், ஆனால் இந்த ரிலே ஒரு முனைக்குச் சொந்தமானது அல்ல. அங்கே எழுதும் எண் இங்கே பிரேக்கரை இழுக்கும்.

சி.டி. தாங்குமா என்ற கணக்கு

விகிதம் தெரிந்துவிட்டது. இனி ஃபால்ட் நேரத்தில் சி.டி. சாச்சுரேட் ஆகாமல் தாங்குமா என்று பார்க்க வேண்டும். லைனுக்கு வெளியே ஃபால்ட் வந்து, ஒரு முனை சி.டி. மட்டும் சாச்சுரேட் ஆனால், இல்லாத வித்தியாசம் ஒன்று உருவாகி நல்ல லைன் விழும்.

சூத்திரம் இப்படி: நீ பாயிண்ட் வோல்டேஜ், கே × ஐஎன் × (ஆர்சிடி + 2 ஆர்எல்) என்ற எண்ணைவிடக் குறையக் கூடாது. ஐஎன் என்பது சி.டி.யின் செகண்டரி ரேட்டிங் மின்னோட்டம், ஆர்சிடி என்பது சி.டி.யின் செகண்டரி ரெசிஸ்டன்ஸ், ஆர்எல் என்பது சி.டி.யிலிருந்து ரிலே வரை ஒரு கம்பியின் ரெசிஸ்டன்ஸ். கே என்பது ரிலே தயாரிப்பாளர் கையேட்டில் தரும் எண். ஃபால்ட் அளவையும் எக்ஸ்/ஆர் விகிதத்தையும் (ஃபால்ட் பாதையின் ரியாக்டன்ஸுக்கும் ரெசிஸ்டன்ஸுக்கும் உள்ள விகிதம்) பொறுத்து அது மாறும்.

ஒரு உதாரணம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 7.41 ஓம். யார்டிலிருந்து கண்ட்ரோல் ரூமுக்கு 200 மீட்டர் கேபிள் என்றால் ஒரு வழிக்கு 1.48 ஓம், போக வர 2.96 ஓம். ஆர்சிடி 4 ஓம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 6.96. மைகாம் பி54எக்ஸ் கையேட்டில் மேலே சொன்ன 30, 150 சாய்வுகளுக்கு கே 65-க்குக் குறையக் கூடாது. ஆக 65 × 1 × 6.96, ஏறக்குறைய 452 வோல்ட். பலகையில் 600 வோல்ட் இருந்தால் நிம்மதி. 400 இருந்தால், முதலில் 4 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டுப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 4.61 ஓம், போக வர 1.84 ஓம்தான் ஆகும். 65 × 5.84, அதாவது 380 வோல்ட். கேபிளை மாற்றியதிலேயே வேலை முடிந்துவிட்டது.

இதில் இரண்டு கவனங்கள். டேப் மாறினால் நீ பாயிண்ட் வோல்டேஜும் மாறும். 800-ல் 600 வோல்ட் தரும் கோர் 400 டேப்பில் பாதிதான் தரும். ஆர்சிடியும் குறையும், ஆனால் கேபிள் குறையாது. அப்புறம், செகண்டரி 5 ஆம்பியர் சி.டி. என்றால் அதே கேபிள் 25 மடங்கு சுமையாகத் தெரியும். நீளமான கேபிளுக்கு 5 ஆம்பியர் சி.டி. பொருந்தவே பொருந்தாது.

எல்லா ரிலேயும் ஒரே மாதிரி கேட்காது. சீமென்ஸ் சிப்ரோடெக் வகை ரிலேக்கள் சி.டி.யின் பிழைச் சதவீதங்களையே செட்டிங்காகக் கேட்கும். சாதாரண மின்னோட்டத்தில் எவ்வளவு பிழை, பெரிய ஃபால்ட்டில் எவ்வளவு, எத்தனை மடங்கு வரை சி.டி. தாங்கும் என்று. அதை வைத்துத் தன் பயாஸைத் தானே கூட்டிக் குறைக்கும். தெரியாமல் இயல்பு எண்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். 5பி கிளாஸ் சி.டி. ரேட்டிங் மின்னோட்டத்தில் 1 சதவீதம், எல்லை மடங்கில் 5 சதவீதம் பிழை தரலாம். 10பி என்றால் அவை 3, 10. எண்களைப் பலகையிலிருந்து எடுங்கள்.

பொலாரிட்டி

நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், அதாவது சி.டி. முனைகள் எந்தத் திசையில் கட்டப்பட்டிருக்கின்றன என்பதற்கு. என் கதை மாதிரி விகிதம் தப்பினால் லோடு அளவுக்கு வித்தியாசம் தெரியும். பொலாரிட்டி தப்பினால் டிஃபரென்ஷியல் என்பது லோடைப் போல இரண்டு மடங்கு.

சி.டி.யில் பி1, பி2 என்று பிரைமரி முனைகள். எஸ்1, எஸ்2 என்று செகண்டரி முனைகள். பி1-க்குள் மின்னோட்டம் நுழையும் கணத்தில் எஸ்1-இலிருந்து வெளியே வரும். வழக்கமாக பி1 பஸ்ஸைப் பார்த்து நிற்கும். எஸ்2-களை மூன்று பேஸுக்கும் சேர்த்து ஸ்டார் கட்டி எர்த் செய்து, எஸ்1-களை ரிலேக்குக் கொண்டுபோவோம். ஸ்டார் கட்டிய செகண்டரி முனைக்கு இணையான பிரைமரி முனை எந்தப் பக்கம் இருக்கிறதோ, அதுதான் ரிலே கேட்கும் ‘ஸ்டார் பாயிண்டின் பக்கம்’. எஸ்2 ஸ்டார், பி2 லைன் பக்கம். ஆகவே ஸ்டார் பாயிண்ட் லைன் பக்கம். பி1 லைனைப் பார்த்து நிற்கிறது என்றால் அதே வயரிங்குக்கு ஸ்டார் பாயிண்ட் பஸ் பக்கம் ஆகிவிடும்.

ஏட்டில் இப்படி. நேரில் ஒரு சின்ன பேட்டரியும் நடுவில் பூஜ்யம் உள்ள அனலாக் மீட்டரும் எடுத்துப் போங்கள். லைன் கிளியர் இருக்கும்போது, சோதனைக்காக எர்த்தைத் தற்காலிகமாக நீக்க வேண்டியிருந்தால் அதற்குரிய அனுமதியோடு, பேட்டரி பிளஸ்ஸை பி1-க்கும் மைனஸ்ஸை பி2-க்கும் தொடுங்கள். மீட்டரின் பிளஸ் எஸ்1-இல். தொட்ட கணத்தில் முள் வலப்பக்கம் துள்ள வேண்டும். எடுக்கும்போது இடப்பக்கம். பார்க்க விளையாட்டுப் போல இருக்கும், ஆனால் எனக்கு இதைவிட நம்பிக்கையான சோதனை கிடைத்ததில்லை. இதை முடித்த பிறகே மேக்னடைசிங் சோதனை (செகண்டரியில் ஏசி வோல்டேஜ் கொடுத்து ஏற்றி இறக்கும் சோதனை) செய்யுங்கள். பேட்டரி விட்டுப்போகும் மிச்ச காந்தத்தை அது கரைத்துவிடும்.

மீட்டரை சி.டி. பெட்டியில் மட்டும் பார்க்காமல், ரிலே பேனலின் டெர்மினலிலும் ஒரு முறை பாருங்கள். மார்ஷலிங் பாக்ஸில் (யார்டில் கேபிள்கள் சேரும் இணைப்புப் பெட்டி) இரண்டு கம்பி இடம் மாறியிருந்தால் அப்போதுதான் தெரியும். ஃபெரூல் (கம்பி முனையில் மாட்டும் எண் வளையம்) எண் சரியாக இருந்தும் கம்பி மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஃபெரூல் மாட்டியவரும் கம்பி இழுத்தவரும் வேறு வேறு ஆட்கள்.

எர்த் ஒரே இடத்தில் மட்டும் இருக்க வேண்டும். யார்டிலும் பேனலிலும் இரண்டு இடத்தில் எர்த் இருந்தால், எர்த் ஃபால்ட் நேரத்தில் அந்த இரு இடங்களுக்கு இடையே எழும் வோல்டேஜ் சி.டி. சர்க்யூட்டிலேயே ஓடி, ரிலேக்கு இல்லாத மின்னோட்டத்தைக் காட்டும். இன்சுலேஷன் சோதனையின்போது எர்த் லிங்கைக் கழற்றி மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) போட்டால் இரண்டாவது எர்த் அகப்பட்டுவிடும்.

பொலாரிட்டி தவறு என்று கண்டால் ஒரு இடத்தில் மட்டும் திருத்துங்கள். வயரிங்கில் அல்லது செட்டிங்கில். அவசரத்தில் ஒருவர் வயரைத் திருப்ப, இன்னொருவர் செட்டிங்கைத் திருப்ப, பழைய தவறு அப்படியே திரும்ப வந்து நிற்கும். அத்தோடு, அந்த செட்டிங்கைத் தொட்டால் அதே ரிலேயில் இருக்கும் டிஸ்டன்ஸ் (ஃபால்ட் எவ்வளவு தூரத்தில் என்று கணக்கிடும் பாதுகாப்பு), டைரக்ஷனல் எர்த் ஃபால்ட் எல்லாவற்றின் திசையும் சேர்ந்து திரும்பும் என்பதை மறக்காதீர்கள்.

ரிலேயில் எண்களை ஏற்றுவது

இப்போது மடிக்கணினியைத் திறக்கலாம். சி.டி. பிரைமரி, சி.டி. செகண்டரி, ஸ்டார் பாயிண்ட் பக்கம் என்ற மூன்றும் முதலில். செகண்டரி 1 ஆம்பியரா 5 ஆம்பியரா என்பது சாஃப்ட்வேரோடு முடிவதில்லை. மைகாமில் 1 ஆம்பியருக்கும் 5 ஆம்பியருக்கும் பின்பக்கம் தனித்தனி டெர்மினல். பழைய சிப்ரோடெக்கில் உள்ளே ஜம்பர். அதையும் பாருங்கள்.

இரு முனை சி.டி. விகிதமும் ஒன்றே என்றால் வேலை சுலபம். வேறு வேறு என்றால், உதாரணமாக அ முனையில் 800/1, ஆ முனையில் 600/1 என்றால், இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். சிப்ரோடெக் வகையில் இரு முனையிலும் அவரவர் உண்மையான சி.டி. பிரைமரியைக் கொடுத்து, லைனின் ரேட்டிங் மின்னோட்டம் என்ற எண்ணை இரு முனையிலும் ஒன்றாக வைத்தால் ரிலே தானே மாற்றிக்கொள்ளும். அந்த ரேட்டிங் எண் ஒரு முனையில் 800, மறுமுனையில் 600 என்று போட்டால் எல்லாம் கெட்டது.

மைகாம் பி54எக்ஸில் சி.டி. கரெக்ஷன் என்ற பெருக்கு எண் உண்டு. அது 1-லிருந்து 8 வரை. 1-க்குக் கீழே போகாது என்பதால் பெரிய சி.டி. உள்ள முனைதான் பெருக்க வேண்டும். 300 ஆம்பியர் ஓடினால் அ முனைக்கு 0.375, ஆ முனைக்கு 0.5. அ முனையில் 1.33, ஆ முனையில் 1.0 என்று வைத்தால் இரண்டும் 0.5 ஆகிவிடும். இதை எதிர்மாறாகப் போட்டுவிட்டால் 0.375-க்கு எதிரே 0.667 நிற்கும். கரெக்ஷன் வைத்த பிறகு அளவுகோல் 600 ஆம்பியர் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆரம்ப அளவு 0.2 என்றால் அது 120 ஆம்பியர், 160 அல்ல.

விகிதம் தப்பினால் லைன் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆ முனையில் உண்மை 600, ரிலேயில் 800 என்று இருந்தால் ரிலே மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் படிக்கும். டிஃபரென்ஷியலுக்கும் பயாஸுக்கும் உள்ள விகிதம் 28.6 சதவீதம். சாய்வு 30 சதவீதம். எத்தனை லோடு ஏறினாலும் விழாது, வருடக்கணக்கில் தூங்கும். ஆனால் அதே ரிலேயில் டிஸ்டன்ஸ் இருக்கிறதே, அது லைனை நான்கில் மூன்று பங்கு நீளமாகத்தான் பார்க்கும். லைனின் 80 சதவீதத்தில் வைத்த முதல் ஜோன் (தாமதமின்றி டிரிப் செய்யும் தூர எல்லை) 106 சதவீதத்தைத் தாண்டும். அடுத்த துணைமின் நிலையத்தில் வரும் ஃபால்ட்டுக்கு நம் லைன் உடனே விழும். சேனல் (இரு ரிலேக்களும் பேசிக்கொள்ளும் ஃபைபர் வழி) பழுதாகி டிஸ்டன்ஸ் மட்டும் காவலுக்கு நிற்கும் நாளில் இது வெளியே வரும்.

ஆரம்ப அளவைத் தேர்ந்தெடுக்கும்போது லைனின் சார்ஜிங் கரண்ட்டைப் பாருங்கள். அது ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறாத மின்னோட்டம், எனவே நேராக டிஃபரென்ஷியலாகத் தெரியும். 110 கேவி மேல்நிலைக் கம்பியில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.2 ஆம்பியர், கவலையே வேண்டாம். 400 கேவியில் ஏறக்குறைய 0.8. பூமிக்கடி கேபிள் என்றால் கதை வேறு, 110 கேவி கேபிளிலேயே கிலோமீட்டருக்கு 4 ஆம்பியர் அளவுக்குப் போகும். ரிலேயில் சார்ஜிங் கரண்ட் ஈடு செய்யும் வசதியைப் பயன்படுத்தவில்லை என்றால் ஆரம்ப அளவை அதன் இரண்டரை மடங்குக்கு மேல் வையுங்கள். நகரத்துக்குள் 10 கிலோமீட்டர் கேபிள் என்றால் 40 ஆம்பியர், அதற்கு 100. மேலே சொன்ன 0.2 × 600 அதற்குப் போதும்.

ஒன்றரை பிரேக்கர் நிலையமாக (இரண்டு லைனுக்கு மூன்று பிரேக்கர் உள்ள அமைப்பு) இருந்தால் ஒரு லைனுக்கு இரண்டு சி.டி. வரும். இரண்டையும் வெளியே இணைத்து ஒரே இன்புட்டில் விடாமல், ரிலேயில் தனித்தனி இன்புட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

சோதனையும், லோடில் பார்ப்பதும்

செகண்டரி இன்ஜெக்ஷன் (ரிலேக்குள் சோதனை மின்னோட்டம் செலுத்துவது) செய்யும் முன் ஒன்று. இது டிஸ்டன்ஸ் ரிலே போல அல்ல. நீங்கள் இங்கே மின்னோட்டம் செலுத்தினால் மறுமுனை ரிலேயும் அதையே பார்க்கும், அங்கே பிரேக்கர் விழும். மறுமுனை லைனில் யாராவது சார்ஜ் செய்து வைத்திருந்தால் அவர்கள் மேல் அது விழும். போனில் பேசி, இரு முனையிலும் டிரிப் லிங்கைத் திறந்து, டெஸ்ட் மோடில் வைத்து, அப்புறம் தொடங்குங்கள்.

ஒரு முனையில் மட்டும் செலுத்தும்போது பயாஸ், செலுத்திய அளவில் பாதிதான் என்பதை மறந்து நிறையப் பேர் ஆரம்ப அளவு சரியில்லை என்று நினைப்பார்கள். 0.2 + 0.3 × பாதி என்று கணக்குப் போட்டால் 0.235-இல்தான் விழும். 0.2-இல் விழாது. ரிலே கெட்டுப்போகவில்லை.

எல்லாம் முடிந்து லைனைச் சார்ஜ் செய்து லோடு ஏறியதும், இரு முனையிலும் ஒரே நேரத்தில், போனில் பேசிக்கொண்டே, திரையைப் படியுங்கள். மூன்று பேஸுக்கும் உள்ளூர் மின்னோட்டம், மறுமுனை மின்னோட்டம், டிஃபரென்ஷியல், பயாஸ், கோணம். இந்த அரைமணி நேரத்துக்கு ஈடாக எதுவும் இல்லை.

டிஃபரென்ஷியல் சார்ஜிங் கரண்ட் அளவில்தான் இருக்க வேண்டும். இல்லை என்றால் அது எத்தனை மடங்கு என்பதே எங்கே தவறு என்று சொல்லிவிடும். லோடைப் போல இரண்டு மடங்கா, பொலாரிட்டி. இரண்டு பேஸில் 1.73 மடங்கு, மூன்றாவதில் பூஜ்யமா, அந்த இரண்டு பேஸ் கம்பி இடம் மாறியிருக்கிறது. மூன்றிலும் 1.73 என்றால் மூன்றும் சுழன்றிருக்கிறது. லோடுக்குச் சமமாக வந்தால் டேப் பாதியில் நிற்கிறது, என் கதை மாதிரி. மூன்றில் ஒரு பங்கு என்றால் 800, 600 குழப்பத்தைத் தேடுங்கள்.

சின்ன லோடில் லைன் விழவில்லை என்பது எதற்கும் சாட்சி ஆகாது. 800/1-இல் பொலாரிட்டி தலைகீழாக இருந்தாலும் 94 ஆம்பியர் வரை அந்த ரிலே விழாது. பேஸ் மாறியிருந்தால் ஏறக்குறைய 112 வரை. லோடு 40 ஆம்பியர்தான் என்றாலும் திரை 80 காட்டும், எனவே லைன் நிற்கிறதா என்று பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். லோடு 5, 10 ஆம்பியர்தான் என்றால் சி.டி.யின் பிழையும் ரிலேயின் பிழையும் எண்ணை மூடிவிடும். அப்போது லோடு ஏறும்வரை டிஸ்டன்ஸை மட்டும் சேவையில் வைத்து, டிஃபரென்ஷியலின் டிரிப்பை எடுத்துவிட்டு, அலாரத்தில் வைத்துக் காத்திருப்பதையே நான் செய்வேன்.

சி.டி.யில் எல்லாம் சரி, ஆனாலும் கொஞ்சம் வித்தியாசம் லோடோடு சேர்ந்து ஏறுகிறது, மூன்று பேஸிலும் ஒரே மாதிரி இருக்கிறது என்றால் சேனலைச் சந்தேகியுங்கள். போகும் வழிக்கும் வரும் வழிக்கும் 1 மில்லிசெகண்ட் வேறுபாடு இருந்தால், ரிலே அதைப் பாதியாகப் பங்கிட்டு அரை மில்லிசெகண்ட் பிழை செய்யும். 50 ஹெர்ட்ஸில் அது 9 டிகிரி. லோடில் ஏறக்குறைய 16 சதவீதம் பொய் டிஃபரென்ஷியல். சி.டி.யைக் கழற்றிப் போட்டு இரண்டு நாள் தேடியும் இது அகப்படாது. சேனலின் மொத்தத் தாமதத்தை ரிலே திரையிலேயே பார்க்கலாம்.

கடைசியாக, இரு முனைக்கும் சேர்த்து ஒரே தாள் எழுதுங்கள். அ முனைக்கு ஒன்று, ஆ முனைக்கு ஒன்று என்று தனித்தனியாக வேண்டாம். இடப்பக்கம் அ, வலப்பக்கம் ஆ. சி.டி. விகிதம், கட்டியிருக்கும் டேப், கோர் எண், பி1 பார்க்கும் திசை, ஸ்டார் கட்டிய முனை, எர்த் இருக்கும் இடம், கரெக்ஷன் எண், லோடில் படித்த எண்கள், தேதி, லோடு. பெட்டிக்குள் எடுத்த டேப் படத்தையும் அதோடு ஒட்டி, ஒரு பிரதியை இரு நிலையத்து ரிலே பேனலின் கதவுக்குள்ளும் வையுங்கள். நாளை யாராவது ஒரு முனையில் சி.டி. மாற்ற வந்தால், மறுமுனையில் இருப்பவருக்கு முதலில் போன் செய்ய வேண்டும் என்று அந்தத் தாளே நினைவூட்டும்.